ஏழு டிக், மூன்று பெருக்கல் குறி

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பர்சனல் செக்‌ஷனில் இருக்கிறேன். ‘ஆட்கள் தேவை’ விளம்பரம் எழுதுவதும் என் வேலைதான்.

போன வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பேப்பரிலிருந்து கத்தரித்த விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். வேறொரு கம்பெனிக்கு அக்கவுண்டன்ட் தேவை. பத்து தகுதிகள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் குறித்திருந்தாள். ஏழு டிக், மூன்று பெருக்கல் குறி.

“அஞ்சு வருஷம் கேக்கறாங்க, எனக்கு மூணுதானுங்க அக்கா. இந்தி தெரியாது. எக்ஸ்போர்ட் பில்லும் போட்டதில்லை. அப்ப அப்ளை பண்ணக் கூடாதுங்களா?”

அவள் வீட்டு மேஜையில் எப்போதும் டிஎன்பிஎஸ்சி கைடு கிடக்கும். டிஎன்பிஎஸ்சியின் அரசு வேலை அறிவிப்பில் ஒவ்வொரு வரியும் சட்டம். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு என்றால் பத்தாம் வகுப்பு. தட்டச்சர் பதவிக்கு டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட் வேண்டும். படிப்பை அறிவிப்புத் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும். ரிசல்ட் ஒரு வாரம் தள்ளி வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் கழித்துவிடுவார்கள். வேலை விளம்பரம் என்றால் என்ன என்று நம் வீடுகள் கற்றுக்கொண்டது அங்கேதான். அதே கண்ணோடுதான் தனியார் விளம்பரத்தையும் படிக்கிறோம்.

தனியாரில் அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். அக்கவுண்ட்ஸில் ஒருவர் வேலையை விட்டுப் போவார். மேனேஜர் பி.காம், டேலி, ஜிஎஸ்டி என்பார். ஸ்டோர்ஸ்காரர் எட்டிப் பார்த்து, “எக்ஸெல்லும் சேத்துக்கோங்க மேடம்” என்பார். டெஸ்பாட்சில் ஒருவருக்கு இந்தி தெரிந்த ஆள் வந்தால் சௌகரியம். போனவருக்குத் தெரிந்தது, பக்கத்து சீட்காரர்கள் ஆசைப்பட்டது எல்லாம் சேர்ந்து பத்து வரி ஆகிவிடும். போனவர் சேர்ந்த அன்று அதில் பாதிகூட அவருக்குத் தெரியாது.

என் கையாலேயே ஒரு தப்பு நடந்தது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ம் தேதி. 2018-ல் பழைய விளம்பரத்தை எடுத்து, ‘வாட்’ இருந்த இடத்தில் ‘ஜிஎஸ்டி’ என்று மாற்றினேன். பக்கத்திலிருந்த ‘3 வருட அனுபவம்’ அப்படியே அச்சாகிவிட்டது. நாட்டில் யாருக்கும் இருந்திருக்க முடியாத அனுபவம். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் ஒதுங்கிப் போனார்களோ, இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் டாரா மோர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்களிடம், கேட்ட தகுதி எல்லாம் இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டு 2014-ல் எழுதினார். விண்ணப்பிக்காததற்கு இருபாலரும் அதிகம் சொன்ன காரணம், ‘தகுதி இல்லாததால் எடுக்க மாட்டார்கள், நேரம்தான் வீண்’ என்பது. ‘அந்த வேலையை நன்றாகச் செய்ய முடியாது’ என்றவர்கள் கொஞ்சம்தான்.

தனியாரிலும் அசையாத வரிகள் உண்டு. லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ், மருந்தாளுநருக்கு பார்மசி கவுன்சில் பதிவு, செவிலியருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு. இவை இல்லாமல் விண்ணப்பம் போடுவதில் பயனில்லை. அந்த வேலையின் முக்கியப் பகுதியைத் தொட்டே பார்த்ததில்லை என்றாலும் வேண்டாம். ஐந்துக்கு மூன்று வருஷம் என்றால் தாராளமாகப் போடலாம். ஐந்துக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த விளம்பரம் உங்களுக்கானது இல்லை. இல்லாததை இருப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அது தெரிந்த நிமிஷம் மற்ற ஏழு டிக்கும் போய்விடும்.

அவளை உட்காரவைத்துக் கடிதம் எழுத வைத்தேன். ‘ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடங்களாக மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்கிறேன். எக்ஸ்போர்ட் பில் போட்டதில்லை, கற்றுக்கொள்வேன்.’ இந்தியைப் பற்றி எழுதவில்லை.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு பர்ச்சேஸ் பில்லை நீட்டி, இதில் இன்புட் கிரெடிட் எடுக்கலாமா என்று கேட்டாராம். இந்திப் பேச்சே வரவில்லையாம். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு சீட் காலியானபோது, அதே மேனேஜர் விளம்பரம் கொடுக்காமல் இவளுக்கே போன் செய்தார்.

இப்போது நான் எழுதும் விளம்பரங்களில் மேலே ‘கட்டாயம்’ என்று இரண்டு வரி. மற்றதெல்லாம் ‘தெரிந்தால் நல்லது’ என்று கீழே. எக்ஸெல்லை மேலே ஏற்றச் சொல்லி ஸ்டோர்ஸ்காரர் போன வாரம்கூட வந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.