உங்களுக்குத் தெரியுமா? திரையில் சரி, ஸ்கேனரில் ‘பீப்’ இல்லை!

கீரப்பாளையம் மளிகைக் கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் பார்கோடு எண் 890 என்று தொடங்கினால், அதை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு. எண் சரியாக இருந்தும் சில லேபிள்கள் ஸ்கேன் ஆவதில்லை. ஏன்?

● 13 இலக்க பார்கோடில் மிக மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மி.மீ. 300 டிபிஐ படமாக்கினால் அது சுமார் 3.9 பிக்சல். முழு பிக்சலில் அடங்காததால் போட்டோஷாப்பில் கோட்டின் ஓரம் சாம்பல் பூக்கும், அல்லது ஒரு கோடு தடித்து இன்னொன்று மெலியும். வெக்டர் கோப்பாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

● பார்கோடு ஃபான்ட்டில் அமைத்த கோரல்டிரா கோப்பை, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் கோடுகள் மறைந்து வெறும் எண்களே நிற்கும். ‘கர்வ்ஸ்’ ஆக்கி அனுப்புங்கள்.

● நான்கு மை கலந்த கறுப்பு வேண்டாம். அச்சு இம்மி விலகினாலும் ஓரம் கலங்கும். கறுப்பு மை மட்டும் 100% போதும்.

● சிவப்புக் கோடுகள் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு வெள்ளைபோலவே தெரியும்.

● இயல்பான அளவில் இடப்பக்கம் 3.63 மி.மீ., வலப்பக்கம் 2.31 மி.மீ. வெற்றிடம் கட்டாயம். அழகுக்காக அங்கே பார்டர் போடாதீர்கள்.

மொத்தமாக அடிக்கும் முன் ஒரு லேபிளை அச்சிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள்.