தொட்டிலும் தொழிற்கூடமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தை வரலாறு ஒரு போர்க்களமாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் இதுவும் ஒன்று. இன்றோ, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அருகிலுள்ள ஊர் என்பதே இதன் அடையாளம். ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த இத்தகைய ஊர்களிலிருந்து பெண்கள் இப்போது நிறுவனப் பேருந்தேறி முறைப்பணிக்குச் செல்கின்றனர். கழனிக்குப் போன தாய், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். இயந்திரத்தின் முன் நிற்பவளுக்கு அது இயலுமா? வெளியூரிலிருந்து குடிவந்தவர் வீட்டில் பாட்டியின் மடியும் இல்லை.

இந்த இடத்தை நிரப்பவேண்டியது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமே அதன் ஊற்று. இணையுணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி, தாய்மார்க்கான நலக்கல்வி ஆகியன ஒரே கூரையின்கீழ் வந்தன.

தமிழ்நாடு இதில் தனக்கென ஒரு வழியையும் கண்டது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் திங்கள்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை உரியவாறு ஏறாத குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதல் உணவு. தேறியதும் அது நிறுத்தப்படும். ஊட்டச்சத்துப் பணியாளராக உள்ளூர்ப் பெண்ணே அமர்த்தப்பட்டார். அவர் ஏழையாயினும் தம் பிள்ளைகளை நலமாக வளர்த்தவராக இருத்தல் விரும்பப்பட்டது. பட்டத்தைவிட இத்தகுதி பெரிது என்று கருதியவர்களின் கூர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை. வளைகோட்டு அட்டையைக் காட்டி, "உன் பிள்ளை மெலிகிறது" என்று அண்டைவீட்டுப் பெண் சொல்லும்போது தாய் செவிசாய்க்கிறாள். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கும் சோறிட்டது.

ஆயினும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திராது. தமிழ்நாட்டில் அங்கன்வாடி குழந்தையைப் பகலில் ஏற்பது இரண்டு வயதுக்குப் பின்னரே. அதுவரை வீட்டுக்குச் சத்துமாவுதான் கிடைக்கும். கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாள்களே மூளையும் உடலும் மிக விரைந்து வளரும் காலம் என்கிறது மருத்துவம். அதன் பிற்பாதியில்தான் குழந்தை ஆளின்றி நிற்கிறது.

ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் காப்பகம் அமைக்கவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் கூறுகிறது. ஆனால், விடியற்காலைப் பேருந்தில் கைக்குழந்தையுடன் நெடுந்தொலைவு செல்வது எளிதன்று. இரவு முறைப்பணியில் அது இன்னும் கடினம். ஆகவே, காப்பகம் ஆலைவாயிலில் இருப்பதைவிடக் குடியிருப்பின் நடுவே இருப்பதே தாய்க்குப் பயன்தரும். 2022 முதல் 'பால்னா' என்னும் மத்திய அரசின் திட்டம் அங்கன்வாடியையே காப்பகமாகவும் விரிவாக்க வழிசெய்கிறது. ஆறு மாதக் குழந்தையையும் அங்கே விடலாம். அதன் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்பதைப் பொறுத்தே தாய் வேலைக்குச் செல்வதும் செல்லாததும் அமையும்.