துருவினின்று மீளும் எம்.ஜி.பி.

1962ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் நகரில் இயங்கிய எம்.ஜி. தொழிற்சாலை, இருவர் அமரும் திறந்த மகிழுந்து ஒன்றை வெளியிட்டது. எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எந்திரமும், மணிக்கு நூறு மைலைச் சற்றே விஞ்சும் விரைவும், எளிய ஊதியக்காரரும் முயன்றால் எட்டக்கூடிய விலையும் அதற்கு வாய்த்திருந்தன. 1980 அக்டோபரில் அத்தொழிற்சாலை மூடப்பெறும்வரை, கூரையுடைய ஜி.டி. வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. பெரும்பகுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றது. பிரிட்டனில் தங்கியவற்றுள் பல, இன்றும் வீட்டுக் கொட்டகைகளில் கழற்றப்பட்டு, திருத்தப்பட்டு, மீண்டும் சாலைக்கு வருகின்றன.

இப்பணியில் இறங்குவோர் பலரும் முதலில் எந்திரத்தைத் திறக்கின்றனர். அல்லது குரோமியம் பூசிய முட்டுத்தாங்கியைத் துலக்குகின்றனர். வரிசை பிழை என்பதே என் துணிபு. எம்.ஜி.பி.யின் உயிர்நிலை கதவுகளுக்குக் கீழே, எவர் கண்ணிலும் படாத ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதனை ஆராயாமல் செய்யும் எப்பணியும் அடித்தளம் அறியாத கட்டுமானமே.

முன்னோடியாகிய எம்.ஜி.ஏ. வகையில் தனியொரு அடிச்சட்டம் இருந்தது. உடற்கூடு அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. எம்.ஜி.பி.யில் அச்சட்டம் இல்லை. வளைத்து அழுத்திய தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, கூடே எலும்பாகவும் இருக்குமாறு அமைத்தனர். மோனோகாக் எனப்படும் இம்முறையில் கூரையும் பளுவைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். திறந்த மகிழுந்துக்கோ கூரை கிடையாது. ஆகவே முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே வளையும் விசை முழுவதையும், இருபுறமும் கதவடியில் நீளவாக்கில் ஓடும் உத்தரங்களும் நடுவிலுள்ள பற்சக்கரப்பெட்டிச் சுரங்கமும் தாங்குகின்றன. கதவடி உத்தரம் ஒற்றைத் தகடன்று. வெளித்தகடு, உட்தகடு, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் இடைத்தகடு, அடியில் கோட்டை மதிலின் பல்வரிசை போன்ற வெட்டுமுகமுடைய தாங்குதகடு என நான்கு உறுப்புகள் சேர்ந்தே ஒரு மூடிய பெட்டியாகின்றன. தகடுகளின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மெல்லிய தகடு மூடிய பெட்டியாகும்போது பெறும் வலிமை வியப்புக்குரியது. எனினும் அவ்வலிமை பெட்டி மூடியிருக்கும்வரைதான். ஒரு பக்கம் அரிபட்டால் முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் பெருமளவு குன்றிவிடும்.

அரிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வேதியியல் தெளிவாகச் சொல்கிறது. ஈரம் படிந்த இரும்பின் ஓரிடத்தில் இரும்பணு இரண்டு எதிர்மின்னிகளை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது. விடுபட்ட எதிர்மின்னிகள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குச் சென்று, அங்கே நீரோடும் உயிர்வளியோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை ஆக்குகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரும்பு ஹைட்ராக்சைடு தோன்றி, மேலும் உயிர்வளி ஏற்று, நீர் கலந்த செந்நிற ஆக்சைடாகப் படிகிறது. ஒரே தகட்டின்மேல் இயங்கும் நுண்ணிய மின்கலமே துருப்பிடித்தல்.

உயிர்வளி மிகுந்த இடம்தான் விரைந்து அரிக்கும் என நாம் எண்ணுவோம். நடப்பது நேர்மாறானது. ஒரு நீர்த்திரை திறந்த தகட்டையும் தகடுகளுக்கு இடைப்பட்ட இடுக்கையும் ஒருங்கே நனைத்தால், உயிர்வளி எளிதில் எட்டும் வெளிப்பகுதி எதிர்மின்னிகளை ஏற்கும் முனையாகிறது. உயிர்வளி எட்டாத இடுக்கின் ஆழம் கரையும் முனையாகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து புள்ளிப் பற்றவைப்பால் இணைந்த ஒவ்வொரு விளிம்பும் இத்தகைய இடுக்குதான். எம்.ஜி.பி.யின் உடற்கூடு எவ்விணைப்புகளால் உருப்பெற்றதோ, அவ்விணைப்புகளிலேயே அது அழிகிறது. உருவான துரு, தான் உண்ட இரும்பைவிட இருமடங்குக்கும் மிகுதியான இடத்தை அடைக்கும். ஆதலால் அது தகடுகளை நெம்பிப் பிரித்து, மேலும் நீர் புக வழி திறக்கிறது.

பிரிட்டனின் குளிர்காலம் இதற்குத் துணைபோகிறது. உறைபனியை உருக்கச் சாலைகளில் பாறையுப்பு தூவப்படுகிறது. உப்பு நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது. குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் அமையும் மெல்லிய காப்புப் படலத்தையும் சிதைக்கின்றன. முன்சக்கரம் எற்றும் உப்புச்சேறு, சக்கர வளைவின் பின்னுள்ள தடுப்புத்தகட்டின் இரப்பர் விளிம்பு நைந்ததும் அதனைத் தாண்டி, உத்தரத்தின் முன்தலையில் குவிகிறது. கோடையிலும் அச்சேறு முற்றாக உலர்வதில்லை. தொடக்க ஆண்டுகளில் இதே மகிழுந்தின் எந்திர மூடி அலுமினியத்தால் செய்யப்பட்டது. அலுமினிய ஆக்சைடு அடர்ந்து ஒட்டி மேலும் அரிப்பைத் தடுப்பதால், உத்தரம் பொடியான பல வண்டிகளில் அம்மூடி மட்டும் பழுதின்றி நிற்பதைக் காணலாம்.

நோயறிதல் பொறுமையைக் கேட்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மாற்றாகப் பசைமா நிரப்பப்பட்டிருக்கும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேற்புறம் குறுகி அடிப்புறம் விரிந்திருந்தால் உடல் நடுவே தொய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். முன்னாள் உடைமையாளர் எவரேனும் அழுகிய உத்தரத்தின்மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருக்கவும் கூடும். அம்மூடாக்கு என்னை மிகவும் வருத்துவது. அது வலிமை தராதது மட்டுமன்று. உள்ளே புதியதோர் இடுக்கையும் படைத்துவிடுகிறது. இருக்கைகளின் பின்புறத்தில் 6 வோல்ட் மின்கலங்கள் இரண்டு அமர்ந்திருந்த தொட்டில்களையும் மறவாமல் பார்க்க வேண்டும். சிந்திய அமிலம் அங்கே தன் வேலையைச் செய்திருக்கும்.

இனி அறுவை. எம்.ஜி.பி.யின் முன்புறப் பக்கத்தகடு மரையாணிகளால் பூட்டப்பட்டது. அதனைக் கழற்றினால்தான் உத்தரத்தின் முன்தலை முழுதாகத் தெரியும். அறுப்பதற்கு முன், கதவு வாயிலின் குறுக்கே எஃகுக் குழல்களைப் பற்றவைத்து உடலின் வடிவை நிலைநிறுத்த வேண்டும். சக்கரங்கள் தாங்கும் நிலையில் உடல் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே தாங்கிகளை அச்சுகளின்கீழ் அமைப்பது நன்று. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். இவற்றுள் ஒன்றைப் புறக்கணித்தாலும், பணி முடிந்தபின் கதவு சாத்தாது. தொய்ந்த வடிவிலேயே கூடு இறுகியிருக்கும்.

வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது, கம்பி தானாக ஊட்டப்பெறும் மிக் பற்றவைப்பு. ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வளி உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. மெல்லிய தகட்டில் பகைவன் வெப்பம். உருகிய கோடு குளிரும்போது சுருங்கி, சுற்றியுள்ள தகட்டை இழுத்து அலையலையாக நெளிக்கிறது. ஆதலால் நீண்ட கோடாக ஓட்டாமல், ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எட்ட அங்கே எனத் தாவித் தாவிப் பற்றவைத்து, இடையிடையே குளிர விட வேண்டும். தொழிற்சாலையின் புள்ளிப் பற்றவைப்புக்கு ஈடாக, மேல்தகட்டில் துளையிட்டு அத்துளை நிரம்பக் கீழ்த்தகட்டோடு உருக்கிச் சேர்க்கலாம். மூடப்படவிருக்கும் முகங்களில் துத்தநாகம் செறிந்த பூச்சை முன்கூட்டியே இடவேண்டும். துத்தநாகத்தின் நியம மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்பினுடையது −0.44. ஈரம் புகுந்தால் முதலில் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். அப்பூச்சின்மேல் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். காற்றோட்டமும் முகக்காப்பும் இன்றியமையாதவை.

கழற்றிய சிறு உறுப்புகளுக்கு மின்னாற்பகுப்பு எளிய வழி. சலவைச் சோடா கரைத்த நீரில் துருவேறிய உறுப்பை மின்னேற்றியின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால், துரு தளர்ந்து கரும்பொடியாக உதிரும். நல்ல இரும்பு தேய்வதில்லை. ஹைட்ரஜன் வெளிப்படுவதால் தீப்பொறி ஆகாது. துண்டுக்குத் துருப்பிடிக்கா எஃகைப் பயன்படுத்துவோர் உண்டு. அது நச்சுமிக்க குரோமியச் சேர்மங்களை நீரில் கலந்துவிடும் என்பதால் கட்டாயம் விலக்கத்தக்கது. சுருள்வில்களையும் கடினமூட்டிய மரையாணிகளையும் இத்தொட்டியில் இடலாகாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும்.

மின்சுற்றுகளைப் பற்றிய புலம்பல் பழைய பிரிட்டானிய மகிழுந்துகள் எல்லாவற்றுக்கும் பொது. அதனுட் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றே: இணைப்புகளிலும் உடற்கூட்டைத் தொடும் இடங்களிலும் படிந்த அரிப்பு. 12 வோல்ட்டில் 60 வாட் முகவிளக்கு 5 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை ஏறினால் விளக்குக்கு எட்டுவது ஏறத்தாழ 10 வோல்ட்தான். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைந்து சரிவதால், வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கம்பிகளை மாற்றுமுன் தொடுமுனைகளைச் சுரண்டித் தூய்மை செய்து பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 1967 வரையிலான வண்டிகளில் உடற்கூட்டோடு இணைந்தது மின்கலத்தின் நேர்முனை. அதனை அறியாமல் புதிய மின்னணுக் கருவியைப் பொருத்துவோர் அதனை நொடியில் இழப்பர்.

பிரிட்டனில் விற்ற எம்.ஜி.பி.யின் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள் என் உள்ளங்கவர்ந்தவை. ஸ்கின்னர் உடன்பிறந்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த இக்கருவியில், முதலில் தோல் துருத்தி இருந்த இடத்தை ஒரு பிஸ்டன் பிடித்தது. எந்திரம் காற்றை உறிஞ்சும்போது பிஸ்டனின் மேலுள்ள அறையில் அழுத்தம் குறைகிறது. பிஸ்டன் உயர்ந்து காற்றுவழியை அகலமாக்குகிறது. அதன் எடையும் வில்லின் விசையும் அவ்வுறிஞ்சலுக்கு ஈடாகும் உயரத்தில் அது நிற்கும். எனவே காற்று எவ்வளவு மிகுந்தாலும் அதன் விரைவு ஏறத்தாழ மாறாது. பிஸ்டனோடு சேர்ந்து உயரும் கூர்த்த ஊசி, பெட்ரோல் துளையினின்று விலகி, அக்காற்றுக்குத் தக்க எரிபொருளை விடுகிறது. பிஸ்டனின் தண்டில் ஊற்றும் எண்ணெய், அது துள்ளியெழாமல் தடுத்து, திடீரென விரைவூட்டும்போது கலவையைச் சற்றே செறிவாக்குகிறது. இத்தனையும் செய்வது இயற்பியலின் ஒரே சமன்பாடு!

சரிபார்க்கும் முறையும் அழகியது. எந்திரம் மெல்ல ஓடும்போது, கருவியின் பக்கத்திலுள்ள சிறு முள்ளால் பிஸ்டனை இம்மியளவு தூக்க வேண்டும். ஓட்டம் விரைந்து நிலைத்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. தடுமாறி நின்றால் குறைவு. ஒரு கணம் உயர்ந்து பழைய நிலைக்குத் திரும்பினால் பொருத்தம். அடியிலுள்ள அறுமுக மரையை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருத்தலாம். காற்றுத்தடுப்பானின் அச்சுத்துளை தேய்ந்து, அவ்வழியே காற்று கள்ளத்தனமாகப் புகுந்தால் மட்டும் எத்திருப்பமும் பயன் தராது.

எரிபொருளும் மாறிவிட்டது. பெட்ரோலில் முன்பு கலந்த ஈயச் சேர்மம், வார்ப்பிரும்புத் தலையிலுள்ள வெளியேற்று வால்வின் இருக்கையில் படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 முதல் பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொதுவிற்பனை நின்றதால், தலையைக் கழற்றும் வாய்ப்பு வரும்போதே கடினமான இருக்கை வளையங்களைப் பதிப்பது அறிவுடைமை. 2021 முதல் பொதுவகைப் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய இரப்பர்க் குழல்கள் அதனால் ஊறி வெடிப்பதால், அவற்றைத் தயக்கமின்றி மாற்ற வேண்டும். எரிபொருள் கசிவு தீயில் முடியும்.

அழிவு எல்லை கடந்த உடற்கூட்டுக்கு வேறொரு வழியும் உண்டு. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுக்கருவிகளைத் தேடிச் சேர்த்து, எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்யத் தொடங்கியது. அக்கூட்டை அடிப்படையாகக் கொண்டே 1992இல் ஆர்.வி.8 எனும் வண்டி பிறந்து, பெரும்பாலும் ஜப்பானுக்குச் சென்றது. புதுக்கூடு வாங்குவோரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அரிபட்டது உத்தரமும் தரைத்தகடும் மட்டுமே எனில், பழைய கூட்டைக் காப்பதே மேல் எனக் கருதுகிறேன். அன்றைய தொழிலாளர் இணைத்த உறுப்புகள் அதில் இன்னும் உள்ளன. அவற்றை நீக்கிவிட்டால் பின்னர் எவராலும் சேர்க்க இயலாது. மேலும், அன்று தொழிற்சாலைப் பூச்சு சென்றெட்டாத பெட்டிகளின் உட்புறத்துக்கு, இன்று நீண்ட குழல்வாயால் மெழுகைத் தெளிக்க முடியும். இவ்வகையில், வீட்டில் திருத்திய உத்தரம் 1962இல் பிறந்ததைவிட நெடுநாள் வாழக்கூடும்.

2018 மே முதல், பெரிதும் மாற்றியமைக்கப்படாத நாற்பது ஆண்டு கடந்த மகிழுந்துகளுக்குப் பிரிட்டனில் ஆண்டுதோறும் செய்யும் கட்டாயப் பாதுகாப்பு ஆய்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எம்.ஜி.பி. அனைத்தும் இப்போது அவ்விலக்கினுள் அடங்கும். இருந்தும் அதனைத் தாமே முன்வந்து ஆய்வுக்கு விடுமாறு உடைமையாளர் ஒவ்வொருவரையும் வேண்டுவேன். தடுப்பு எண்ணெய்க் குழாயும் வில்தாங்கியும் உத்தரத்தின் அடிவிளிம்பும், தாமே திருத்தியவரின் கண்ணுக்குத் தப்பி, அயலார் கண்ணுக்கே முதலில் புலப்படுவதுண்டு. அவ்வாய்வுக்குச் செல்லுமுன் உத்தரத்தின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுவதும், இலையுதிர்காலம் முடிவதற்குள் உட்புற மெழுகைப் புதுப்பிப்பதும் ஆண்டுதோறும் செய்யத்தக்கவை.