கையெழுத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்

ராஜபாளையத்தில் ஒரு நிறுவனத்தின் வாசலில் அந்தத் தம்பியை நாம் பார்த்தபோது உச்சி வெயில். வண்டியில் இன்னும் முப்பது பார்சல் கிடக்கிறது. பெட்டி உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்கான கையெழுத்துக்காக அவர் போனைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

கேட்டில் இருந்தவர் முதலில் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். பிறகு, "எந்த ஊரு தம்பி? எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். தம்பி தெருப் பெயரைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. "போனை எங்கிட்ட நீட்டாத. நீயே ஏதாச்சும் கிறுக்கிட்டுக் கெளம்பு."

நம் பக்கத்தில் தெருப் பெயரை எதற்குக் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

வீடுகளுக்குப் பார்சல் கொடுப்பது ஒரு வகை வேலை. ஓடிபி எண்ணைச் சொன்னால் முடிந்தது. நூற்பாலை, பேண்டேஜ் துணிக் கம்பெனி, மொத்த வியாபாரக் கடை, அலுவலகம் என்றால் கதை வேறு. கேட்டில் பதிவேடு, உள்ளே ஸ்டோர், அதற்கப்புறம் கணக்குப் பிரிவு. ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருப்பார். சீல் இன்னொரு மேசையில் பூட்டியிருக்கும். கையெழுத்துப் போடாதவர் எல்லாரும் சாதி பார்க்கிறார் என்று நாம் சொல்லவில்லை. பலருக்கு வேலை நெருக்கடி, சிலருக்கு அலட்சியம். ஆனால் காரணம் எதுவானாலும் வெயிலில் நிற்பது நம் பிள்ளைதான். நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது.

"நீயே கிறுக்கிக்கோ" என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம்போலத் தெரியும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. பதினைந்து நாள் கழித்து, பெட்டியில் பொருள் குறைகிறது என்றோ, பெட்டியே வரவில்லை என்றோ புகார் வரும். "இது எங்கள் ஆள் கையெழுத்தே இல்லை" என்று நிறுவனம் சொல்லும். அது உண்மையும்கூட. பொருளின் விலை பிள்ளையின் தலையில் விழும். அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போட்டார் என்ற பழியும் சேரும். கிறுக்கச் சொன்னவர் அன்றைக்குச் சாட்சிக்கு வரமாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்த்தோம். வெளியூருக்குப் போகும் பால்கோவாப் பெட்டிகளை எடுக்க வந்த பிள்ளையிடம் பெட்டிகளை எண்ணிக் காட்டி, கையெழுத்து, போன் எண், வண்டி எண் மூன்றும் வாங்கிக்கொண்டார்கள். வியாபாரத்தில் அது சரியான முறைதான். நாம் கேட்பது ஒன்றுதான்: பொருளை எடுக்கும்போது நம் பிள்ளையின் கையெழுத்து அவசியம் என்றால், கொடுக்கும்போது வாங்குபவரின் கையெழுத்தும் அவசியம்தானே?

கையெழுத்து ஒரு பக்கமாகவே போவது நமக்குப் புதிதல்ல. நம் தாத்தாக்கள் வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. இன்று பேரப்பிள்ளைகள் டிகிரியும் டிப்ளமாவும் முடித்துவிட்டு, பிறரிடம் கையெழுத்துக் கேட்கும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அந்த மாற்றம் சிலருக்கு இன்னும் உறுத்துகிறது.

2022 ஜூனில் லக்னோவில் உணவு கொண்டுபோன ஒரு தலித் தொழிலாளி, தன் பெயரைக் கேட்டதும் உணவை வாங்க மறுத்து, முகத்தில் துப்பி அடித்ததாகப் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அது தொலைதூரச் செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது.

பொதுச் சாலையிலும், பொதுக் காரியம் நடக்கும் இடங்களிலும் எல்லா வகுப்பாரும் தடையின்றிப் போகலாம் என்ற தீர்மானத்தை ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். நூறு வருடம் தாண்டிவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம்.

தொழிலாளர் சட்டத்தில் மட்டும் ஓட்டை இருக்கிறது. சம்பளத் தொழிலாளி என்றால், பொருள் தொலைந்ததற்குப் பணம் பிடிக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். செயலி வழியாக வேலை செய்பவரைப் 'பார்ட்னர்' என்று அழைத்து, அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழக அரசும் 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. வாரியத்தில் இதுவரை பதியாத பிள்ளைகள் உடனே பதிய வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி, விசாரிக்காமல் பணம் பிடிக்கத் தடை என்ற இரண்டையும் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை, வண்டி ஓட்டும் தம்பிகள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் அடுத்தவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயரையும் பொறுப்பையும் கேட்டு எழுதுங்கள். சீல் இருந்தால் சீல் வையுங்கள். கேட்டில் இருக்கும் பதிவேட்டில் பார்சல் எண்ணும் நேரமும் ஏறியதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பெட்டியைக் கீழே வைக்காமல், அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்து, 'வாங்குபவர் கையெழுத்து மறுப்பு' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சாதியைச் சொல்லிப் பேசினால் தேதி, நேரம், பேசிய வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். 14566 வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது.

அன்றைக்கு அந்தத் தம்பி கிறுக்கவில்லை. "பெட்டியத் திருப்பிக் கொடுத்துருங்கண்ணாச்சி, நான் கெளம்புறேன்" என்றார். உள்ளேயிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, போனை வாங்கித் தன் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.