ஓர் எண்ணும் அதன் இரு காரணிகளும்

147573952589676412927 என்பது இருபத்தோர் இலக்கங்களைக் கொண்ட எண். 2 இன் 67 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க இது பெறப்படும். இது முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா என்னும் வினாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தவறான விடையொன்று மறுக்கப்படாமல் இருந்தது. அது மறுக்கப்பட்ட வரலாறு, ஒரு கூற்றை உண்மையென ஏற்பதற்கு எது போதுமானது என்பதைத் தெளிவாக்குகின்றது.

2 இன் ஒரு வலுவிலிருந்து 1 ஐக் கழித்துப் பெறும் எண் முதன்மை எண்ணாயின், வலுவின் சுட்டியும் முதன்மை எண்ணாக இருத்தல் வேண்டும். இதன் மறுதலை உண்மையன்று. சுட்டி 11 ஆகும்போது கிடைக்கும் 2047, 23 இனதும் 89 இனதும் பெருக்கமாகும். 1644 இல் பிரான்சியத் துறவி மாரின் மேர்சென், 257 வரையுள்ள சுட்டிகளுள் முதன்மை எண்களைத் தருவன எவையெனப் பட்டியலிட்டார். 67 உம் அதில் இடம்பெற்றது. நிறுவல் எதுவும் தரப்படவில்லை. அக்காலத்தில் இத்துணைப் பெரிய எண்ணை வகுத்துச் சோதித்தல் இயலாதாகையால், அறிஞரின் பெயரே சான்றாக நின்றது.

1876 இல் எட்வார்ட் லூக்கா இவ்வெண் சேர்த்தி எண்ணே எனக் காட்டினார். வியப்பு யாதெனில், அதன் காரணி ஒன்றையேனும் அவர் கண்டிலர். அவரது முறையை 1930 இல் டி. எச். லேமர் எளிமையாக்கினார். 4 இல் தொடங்கி, வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்தல் வேண்டும். சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் இதனைச் செய்தபின் மீதி பூச்சியமாயின், எண் முதன்மை எண். அன்றேல் சேர்த்தி எண். சுட்டி 5 ஆகவுள்ள 31 க்கு 4, 14, 8, 0 என மூன்றே படிகளில் முடிவு கிட்டும். நமது எண்ணுக்கு 65 படிகள் வேண்டும். இறுதியில் பூச்சியம் வருவதில்லை.

காரணிகளை 1903 இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார். அவை 193707721, 761838257287 என்பன. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 134 இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருத்தல் வேண்டும். முதலாவது காரணி 134 இன் 1445580 மடங்குடன் 1 சேர்ந்ததாகும். இவ்விதி தேடலைச் சுருக்கிற்றேனும் எளிதாக்கவில்லை. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் இப்பெருக்கலைச் செய்துவிட்டு அமர்ந்தார் எனப் பிற்காலத்தில் ஈ. ரி. பெல் எழுதினார். அக்கதையை நம்பப் பெல்லின் சொல் வேண்டும்; பெருக்கலை நம்ப எவர் சொல்லும் வேண்டியதில்லை.

பெருக்குதல் எளிது, காரணிப்படுத்தல் அரிது என்னும் இவ்வேறுபாட்டின் மீதே 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகியோர் தம் மறைகுறியீட்டு முறையை அமைத்தனர். இன்று கணினிகள் கோலின் எண்ணை நொடிப்பொழுதில் காரணிப்படுத்தும். ஆகவே அம்முறையில் அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்கள் பயன்படுகின்றன.

மேர்சென்னின் பட்டியலில் 257 உம் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 61, 89, 107 ஆகியன விடுபட்டிருந்தன. இதனால் அவரது பெருமை குறையவில்லை. ஆயின் பெருமை நிறுவலாகாது. பென்சிலும் தாளும் உடைய மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலில் அப்பெருக்கலைச் செய்து, 1644 இன் கூற்றைத் தானே மறுத்துவிடலாம்.