பந்தாடும் பெண்மக்களும் கல்லூரி வாயிலும்

கல்லூரிக்குள் நுழைதற்குரிய வாயில்கள் பலவாம். தேர்விற் பெற்ற மதிப்பெண் அவற்றுள் தலையாயது. ஆயினும் அதனையன்றி வேறொரு வாயிலும் உண்டு. அஃது ஆடுகளத்தின் வழியாகச் செல்வது. இவ்வாயிலைப் பற்றி நம்மவர் பலர் கேள்வியுற்றிருப்பினும், அஃது எவ்வாறு திறக்கின்றது, யாருக்குத் திறக்கின்றது, எக்காலத்தில் அதனைத் தட்டவேண்டும் என்பவற்றை அறிந்தோர் சிலரே. அதிலும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களிற் பயிலும் பெண்மக்களின் வீடுகளுக்கு இச்செய்தி பெரும்பாலும் காலங்கடந்தே சென்றெட்டுகின்றது. ஆதலின் இதனை விளக்கியுரைத்தல் இவ்விதழுக்கு ஏற்ற பணியென யாம் கருதுகின்றோம்.

முதற்கண் படிகளைக் கூறுவோம். நம் மாநிலத்துப் பள்ளிப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்குகின்றன. அண்டையிலுள்ள பள்ளிகள் பல சேர்ந்தது ஒரு குறுவட்டம். அங்கு வென்ற அணி வருவாய் மாவட்டப் போட்டிக்குச் செல்லும். மேற்கூறிய இரண்டு ஊர்களின் பள்ளிகளுக்கும் அது விருதுநகர் மாவட்டப் போட்டியாகும். அங்கும் வென்றோர் மாநிலப் போட்டியை நோக்கி ஏறுவர். பாரதியார் தினப் போட்டிகள் என்றும், குடியரசு தினப் போட்டிகள் என்றும் வழங்குவன இவையே. மாநிலத்திற் சிறந்தோர் தெரிந்தெடுக்கப்பெற்று, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் தமிழ்நாட்டின் சார்பாக ஆடுவர். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள் உள. கபடி, வாலிபால், கூடைப்பந்து, எறிபந்து, கோ-கோ, ஹாக்கி, ஓட்டம், தாண்டுதல் ஆகிய பலவற்றிலும் பெண்கள் தனியே போட்டியிடுகின்றனர்.

இப்படிகளில் ஏறினார்க்குக் கிடைப்பது யாது? தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவினர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பெற்றுள்ளன. அரசு கலை அறிவியற் கல்லூரிகளிற் பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே சிறப்புப் பிரிவினருடன் விளையாட்டில் தேர்ந்தாரும் அழைக்கப்பெறுவர். தனியார் கல்லூரிகள் பல, தாமே களத்தில் தேர்வு நடத்தி, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் குறைத்தோ நீக்கியோ நல்ல ஆட்டக்காரிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024-25ஆம் கல்வியாண்டு முதல், தன் இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் விளையாட்டுச் சிறப்புடையார்க்கு 2 மிகை இடங்களை ஏற்படுத்தி, அவற்றுள் ஒன்றைப் பெண்களுக்கென்றே வைத்தது. பட்டம் பெற்ற பின்னரும் பயன் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தகுதியுடைய விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உளது.

இனி, இவ்வாயிலின் திறவுகோலாகிய சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பையும் மாலையும் திறவுகோல் ஆகா. எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்தப் படி, எத்தனையாவது இடம் என்பவற்றைக் குறித்து, அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளிக் கல்வித்துறையோ உரிய படிவத்திற் கையொப்பமிட்டுத் தரும் சான்றே கணக்கிற் கொள்ளப்படும். திருவிழாவை யொட்டி ஊரார் நடத்தும் போட்டியில் ஒருத்தி நூறு முறை வென்றிருந்தாலும், சேர்க்கைக் குழுவின் முன் அது செல்லாது. மேலும், மாவட்டத்தைவிட மாநிலத்துக்கும், மாநிலத்தைவிடத் தேசத்துக்கும் மதிப்பு மிகுதி. காலமும் கணக்கிற் சேரும். மேற்கூறிய தொழில்நுட்பக் கழகம், நுழைவுத்தேர்விற் பெற்ற தகுதியோடு, கடந்த 4 ஆண்டுகளுக்குள் தேசியப் போட்டியிலோ சர்வதேசப் போட்டியிலோ பெற்ற பதக்கம் ஒன்றேனும் வேண்டுமென விதித்தது.

இந்த 4 ஆண்டு என்னும் சொல்லை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவிக்கு அவை ஒன்பதாம் வகுப்பு முதலான ஆண்டுகளாகும். நம் வீடுகளிற் பெண்ணைக் களத்தினின்றும் அழைத்துக்கொள்ளும் ஆண்டுகளும் அவையே யல்லவா? நாம் சொல்லவந்த கருத்து முழுவதும் இவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாணவி பயில்வதாக நினைத்துக்கொள்வோம். தந்தை இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முறைவேலை பார்ப்பவர். ஆறாம் வகுப்பில் அவள் பந்தைத் தொட்டாள். எட்டாம் வகுப்பிற் பள்ளி அணிக்கு வந்தாள். ஒன்பதில் மாவட்டம் வரை சென்று மீண்டாள். பத்தாம் வகுப்பு வந்ததும், "பொதுத்தேர்வு இருக்கிறது, இனி ஆட்டம் வேண்டா" என்கின்றனர் வீட்டார். பயிற்சி முடிந்து இருட்டியபின் திரும்புவதைக் குறித்து அண்டைவீட்டார் ஏதோ சொல்லியிருக்கவும் கூடும். பதினொன்றில் அவள் மீண்டும் களத்துக்கு வர விரும்பினாலும், உடன் ஆடிய தோழியர் கலைந்துபோயினர், அணி இல்லை. இவளுக்குத் திறமை இல்லையென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் வாயிலை அடைவதற்கு இரண்டாண்டு முன்னரே வழி அடைபட்டுவிட்டது.

பெற்றோரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. மாலையில் மகளை அழைத்துவர வீட்டில் ஆள் இல்லை. வெளியூர்ப் போட்டிக்கு உடன்செல்ல ஆசிரியை இல்லையெனின் அனுப்ப மனம் துணிவதில்லை. நல்ல காலணிக்கும் சத்துணவுக்கும் பணம் வேண்டும். இவற்றுக்கு ஒருவாறு பரிகாரமாகவே, 1992ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பெண்களுக்கும் விளையாட்டு விடுதிகளை நடத்தி, உணவும் உறையுளும் பயிற்சியும் அளித்து வருகின்றது. அதற்கும் உரிய வகுப்பில் விண்ணப்பித்தல் வேண்டும்; அச்செய்தியை வீட்டுக்குக் கொண்டுசெல்வாரும் வேண்டும்.

பிற நாட்டிலும் இவ்வாறே வாயில் உண்டோவெனின், உண்டு. அமெரிக்காவில் லக்ராஸ் என்னும் ஆட்டம் ஒன்று இருக்கின்றது. நுனியில் வலைப்பை கட்டிய கோலினாற் பந்தை ஏந்தியோடி, எறிந்தும் பற்றியும், எதிர்ப்பக்கத்து வலையினுட் செலுத்துவது அது. அந்நாட்டுப் பூர்வகுடிகளின் ஆட்டமாகிய இதனை, 1890ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் லியனார்ட்ஸ் பெண்கள் பள்ளி மேற்கொண்டது. அப்பள்ளியிற் பயின்ற ரோசபெல் சின்கிளேர் என்னும் ஆசிரியை, 1926இல் பால்டிமோர் நகரத்துப் பிரின் மார் பள்ளியிற் பெண்களுக்கு அணி அமைத்தார். கல்விக்கூடங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாதென்னும் சட்டம் அந்நாட்டில் 1972இல் வந்தபின், கல்லூரிகளிற் பெண்கள் அணிகள் பெருகின. 1982இற் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய லக்ராஸ் போட்டி நடைபெற்றது. இன்று அங்குள்ள தனியார் உயர்நிலைப் பள்ளிகளிற் பல, இவ்வாட்டத்தைக் கல்லூரிக்குச் செல்லும் பாதையாகவே பேணுகின்றன. கல்லூரிப் பயிற்றுநர் பள்ளி மாணவியோடு சேர்க்கை குறித்துப் பேசத் தொடங்கும் நாள் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 என்று விதியே வகுத்துள்ளனர். சிறுபிராயத்திலேயே பேரம் பேசும் வழக்கம் மிகுந்ததனால் வந்த கட்டுப்பாடு அது.

இதனை நோக்குமிடத்து வேற்றுமை புலனாகும். அங்குப் பயிற்றுநர் மாணவியைத் தேடி வருகின்றனர். இங்கு மாணவி சான்றிதழை ஏந்திக்கொண்டு கல்லூரியைத் தேடிச் செல்கின்றாள். அங்கு அவசரத்தைத் தடுக்க விதி வேண்டியதாயிற்று. இங்குத் தாமதத்தைத் தடுக்க ஆள் வேண்டும். ஆனால் வயது ஒன்றே. இரண்டு நாட்டிலும் பதினைந்து, பதினாறு வயதில் களத்தில் நிற்பவளுக்கே வாயில் திறக்கின்றது.

ஒரு பள்ளியிற் கற்ற ஆட்டத்தை ஓர் ஆசிரியை வேறொரு பள்ளிக்குக் கொண்டுசென்ற கதை நமக்கும் புதிதன்று. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெயிஸ்மித் கூடைப்பந்தை அமைத்தார். மறு ஆண்டே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதனைப் பெண்களுக்கேற்ப வகுத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அதிற் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் பந்தையும் விதிகளையும் நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தனர். அப்பந்தை ஏந்திய தமிழ்நாட்டுப் பெண்களுள் அனிதா பால்துரை, இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனினும் ஓர் எச்சரிக்கையும் கூறியாகவேண்டும். முழங்காலின் தசைநார் ஒன்று அறுந்தால் ஓராண்டு ஆட்டம் போயிற்று. ஆட்டத்தை மட்டும் நம்பிப் புத்தகத்தை மூடியவளுக்கு அன்று யாதொரு துணையும் இராது. விளையாட்டுப் பிரிவிற் சேர்வதற்கும் குறைந்த அளவு மதிப்பெண் வேண்டும்; சேர்ந்தபின் பாடத்தில் தேறவும் வேண்டும். ஆட்டம் கல்விக்குத் துணையாதல் நன்று. கல்வியை விழுங்குதல் நன்றன்று.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? பள்ளியாசிரியராக உள்ள பழைய மாணவர், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் பெற்றோரை ஒருமுறை அழைத்து, இச்செய்திகளைப் பொறுமையாக எடுத்துரைக்கலாம். பத்தாம் வகுப்பில் ஆட்டத்தை முற்றும் நிறுத்தாமல், காலையில் ஒருமணி நேரமாக அதனைச் சுருக்கலாம். சான்றிதழ்களைப் படிவத்தோடு ஒப்புநோக்கி, பிழையிருப்பின் அவ்வாண்டே திருத்தி வாங்கிக் கொடுக்கலாம். நம் கல்லூரி மாணவியர் விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும்போது, தாம் பயின்ற பள்ளிக் களத்தில் நாலு மாலைகள் சென்று ஆடலாம். கல்லூரியில் ஆடும் அக்காள் ஒருத்தியைக் கண்ணாற் கண்டபின், தம் மகளைத் தடுக்கும் பெற்றோர் சிலரேனும் மனம் மாறுவர் என்பது எமது நம்பிக்கை.

பன்னிரு ஆழ்வாருள் ஒரே பெண்ணாகிய ஆண்டாளை ஈன்ற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூரிலும், ஆலைச் சங்கொலி கேட்டு எழும் அண்டையூராகிய இராஜபாளையத்திலும், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இன்று மாலையும் பந்தோடு நிற்கின்றாள். அடுத்த ஆண்டும் அவள் அங்கு நிற்பாளாயின் வாயில் திறக்கும். அதுவரை அவளை அங்கு நிற்கச்செய்தல் நம் கடமை.