ஹோட்டல்ல கூட்டம் குறையல, வரி மட்டும் ஏன் குறையுது?



எங்க மாமா ஒரு சின்ன ஊர்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஸ் நடத்துறார். மதியம் இலைச் சாப்பாடு, ராத்திரி டிபன். போன தடவை ஊருக்குப் போனப்போ சாப்பிட்டு முடிச்ச கையோட என்னை கல்லா பக்கம் கூப்பிட்டார்.

"மாப்ள, வியாபாரம் கூடித்தான் இருக்கு. ஆனா வரி மட்டும் முன்னாடி கட்டினதைவிட கம்மியா இருக்கே, ஏன்னு ஆபீஸ்ல கேட்கிறாங்க. இந்த ஊர்ல நிறைய ஹோட்டல்ல இதே கதைதானாம். நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

கேள்வி மாமாவுடையது என்றாலும் பதில் நமக்கும் தேவை. ஏனென்றால் அந்த வரியைக் கட்டுவது மாமா இல்லை, சாப்பிடுகிற நாம்தான். மாமா வாங்கி அரசாங்கத்திடம் சேர்ப்பவர், அவ்வளவுதான். அவர் அனுமதியோடு, எண்களை மட்டும் ரவுண்டாக்கி எழுதுகிறேன்.

முதல்ல ஒரு சின்ன ஒப்பீடு. இந்த மாதம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்த சம்பளம் குறைவா இருக்கு. உடனே "கம்பெனி சம்பளத்தைக் குறைச்சிட்டான்"னு முடிவு கட்டுவீங்களா? பே ஸ்லிப்பைத் திறந்து பிஎஃப் கூடியிருக்கா, டிடிஎஸ் பிடிச்சிருக்காங்களா, லாஸ் ஆஃப் பே போட்டிருக்காங்களான்னு வரிவரியாப் பார்ப்பீங்க. ஒரு ஊரின் ஹோட்டல் வரியையும் அப்படித்தான் பார்க்கணும். மொத்தத் தொகை என்பது கடைசி வரி. அதுக்கு மேல பல வரிகள் இருக்கு.

முதலில், வரி விகிதம் காரணம் இல்லை

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12%, ஏசி ஹோட்டலுக்கு 18%. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஹோட்டல்களுக்கு 5% ஆனது. அதற்குப் பதிலாக, அரிசி, எண்ணெய், கேஸ் வாங்கும்போது கட்டிய வரியை ஹோட்டல்காரர் கழித்துக்கொள்ள முடியாது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருட்களுக்கு வரி மாறியபோதும் ஹோட்டல் சாப்பாட்டுக்கு அதே 5% தொடர்ந்தது. பாக்கெட்டில் விற்கிற பரோட்டாவுக்கு வரி பூஜ்யம் ஆனது. ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பரோட்டாவுக்கு 5% உண்டு.

ஆக விகிதம் மாறவில்லை. அப்படியானால் வேறு ஐந்து இடங்களில் தேடணும்.

1. உண்மையிலேயே சாப்பிடுகிறவர்கள் குறைந்திருக்கலாம்

பைபாஸ் ரோடு வந்தால் வெளியூர் பஸ் ஊருக்குள் வராது. மில் மூடினால் ஷிப்ட் முடிந்து டீயும் டிபனும் சாப்பிடுகிற கூட்டம் போய்விடும். காலேஜ் லீவ் விட்டாலும் அப்படித்தான். புரட்டாசியில் அசைவ ஹோட்டல்காரர்கள் பாதி டேபிளைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை நாமே பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடக் கூடாது. புரட்டாசியை புரட்டாசியோடுதான் ஒப்பிடணும். இன்னொன்று, விற்ற மாதத்திலேயே வரி வந்து சேராது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டுவார். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஹோட்டல்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் கட்டும். ஆகவே ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் வசூல் ஏறும், நடுவில் இறங்கும். ஒரு மாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

2. விலை உயர்வு உண்மையை மறைக்கும்

இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஒரு ஹோட்டலில் தோசை 50 ரூபாய், மாதம் 1,000 தோசை விற்கிறது என்று வைப்போம். விற்பனை 50,000, வரி 2,500. அடுத்த வருஷம் தோசை 60 ரூபாய். இப்போதும் வரி அதே 2,500தான் வருகிறது. "பரவாயில்லை, குறையல" என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் விற்றது சுமார் 833 தோசைதான். ஆறில் ஒரு பங்கு தோசை போயிடுச்சு.

வரி குறையாமல் இருந்தாலே வியாபாரம் குறைந்திருக்கலாம். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது வரியும் குறைகிறது என்றால் பின்னால் பெரிய காரணம் இருக்கு என்று அர்த்தம். (சம்பள உயர்வே இல்லாமல் மூன்று வருஷம் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே கணக்குதான்.)

3. பெரிய ஹோட்டல் போய், சின்னக் கடைகள் வந்திருக்கலாம்

ஹோட்டல் நடத்துகிறவரின் வருஷ விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு எவ்வளவு? ஏறக்குறைய 5,500 ரூபாய். இட்லிக் கடை, தள்ளுவண்டி பிரியாணி, வீட்டு மெஸ் எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழே வசதியாக உட்கார்ந்துவிடும்.

இப்போ ஊரில் 60 லட்சம் வியாபாரம் பண்ணின ஒரு பழைய ஹோட்டல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்த மாஸ்டர்கள் ஆளுக்கொரு கடை போட்டார்கள். நாலு கடைக்கும் தலா 15 லட்சம் வியாபாரம். ஊர் சாப்பிட்டது அதே 60 லட்சத்துக்கு. முன்பு வந்த வரி 3 லட்சம். இப்போது பூஜ்யம். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் சட்டப்படிதான்.

ஒரே ஒரு விஷயம்: இந்தக் கடைக்காரர்களும் கமர்ஷியல் சிலிண்டர் வாங்கும்போது 18%, எண்ணெய் வாங்கும்போது 5% கட்டுகிறார்கள். அதனால் "சின்னக் கடை வரியே கட்டுறதில்ல" என்று சொல்வதும் சரியில்லை.

4. வரியைக் கட்டுகிற ஆள் மாறியிருக்கலாம்

மாமா கேஸ் இதுதான். 2022 ஜனவரி 1 முதல் ஸ்விக்கி, ஜொமேட்டோ மாதிரி ஆப் மூலம் வரும் சாப்பாட்டு ஆர்டருக்கு 5% வரியை ஹோட்டல்காரர் கட்டுவதில்லை. ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 9(5)-ன்படி அந்த ஆப் கம்பெனியே நேரடியாகக் கட்டுகிறது. ஹோட்டல்காரர் தன் ரிட்டர்னில், அதாவது ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில், அந்த விற்பனையை 3.1.1 என்ற தனிக் கட்டத்தில் காட்டினால் போதும்.

மாமாவின் கணக்கைப் பாருங்க.

ஆப் வருவதற்கு முன்: மாத விற்பனை 6,00,000. வரி 30,000. முழுவதும் மாமா கட்டினார்.

இப்போது: மாத விற்பனை 6,60,000. இதில் ஆப் மூலம் 2,40,000. மீதி 4,20,000-க்கு மாமா கட்ட வேண்டியது 21,000. ஆப் கம்பெனி கட்டுவது 12,000. மொத்தம் 33,000.

வியாபாரம் 10% கூடியிருக்கு. மொத்த வரியும் 10% கூடியிருக்கு. ஆனால் மாமாவின் பதிவில் தெரிகிற வரி 30% குறைந்திருக்கு! அந்த 12,000 ஆப் கம்பெனியின் பதிவு எண் வழியாகப் போகிறது. மாநிலத்தின் பங்கு மாநிலத்துக்கு வந்துவிடும். எங்க ஊர் ஹோட்டல்களின் கணக்கில் மட்டும் தெரியாது.

5. பில்லே போடாமல் இருந்திருக்கலாம்

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். மாமா கட்ட வேண்டியது 21,000. ஆனால் ரிட்டர்னில் கட்டியிருந்தது 19,500. மாதம் 1,500 இடித்தது.

"மாமா, இந்த 1,500 எங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார். ராத்திரி எட்டு மணிக்கு மேல கூட்டம் அதிகம். கம்ப்யூட்டர் பில் போட நேரமில்லை என்று பார்சல் கவுண்டரில் பையன் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கான். பணம் அவனுடைய சொந்த கியூஆர் கோடுக்குப் போயிருக்கு. மாதம் 30,000 ரூபாய் விற்பனை, கணக்கிலேயே வரல.

பில்லில் 105 என்று வரும் பார்சலுக்கு துண்டுச் சீட்டிலும் அதே 105தான் வாங்கியிருக்கிறார்கள். அதாவது வாங்கினவர் 5 ரூபாய் வரி கொடுத்துவிட்டார். அது அரசாங்கத்துக்குப் போகவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, சோம்பேறித்தனம்தான் என்றாலும் பலன் ஒன்றுதான்.

இது ஒளிந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்தே சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயந்துபோய் பெங்களூரில் பல கடைகள் கியூஆர் கோடை எடுத்துவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி வைத்தன. வாங்கினதை மறைக்க கேஷுக்குப் போவது தீர்வு இல்லை.

மாமா என்ன செய்தார்?

இரண்டு வேலை. ஒன்று, ஆப் கம்பெனியின் மாத அறிக்கையையும் ரிட்டர்னின் 3.1.1 கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆபீஸுக்கு விளக்கம் கொடுத்தோம். இரண்டு, விட்டுப்போன வரியை, வருஷத்துக்கு 18% வட்டியோடு, டிஆர்சி-03 படிவத்தில் அவரே முன்வந்து கட்டினார். பார்சல் கவுண்டருக்குத் தனியா ஒரு பில் மெஷின் வாங்கிவிட்டார். "தூக்கம் நல்லா வருது மாப்ள" என்று போனில் சொன்னார்.

குறைந்த 10,500 ரூபாயில் 9,000-க்கு எந்தத் தப்பும் இல்லை. 1,500-க்கு தப்பு இருந்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒன்று "எல்லாம் திருட்டு" என்றிருப்போம், இல்லை "எல்லாம் ஆப் பண்ணின வேலை" என்றிருப்போம். இரண்டுமே பொய்.

இதில் நமக்கு என்ன?

ஒரு சந்தேகம் வரலாம்: ஹோட்டல் வரி குறைந்தால் ஊர் நகராட்சிக்கு நஷ்டமா? நேரடியாக இல்லை. நீங்கள் கட்டும் 5%-ல் பாதி மாநில அரசுக்கு, பாதி மத்திய அரசுக்கு. நகராட்சிக்கு நேரடியாகப் போவது சொத்து வரியும், உங்க சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரியும். ஹோட்டல் வரி மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து நிதிப் பகிர்வாகத்தான் ஊருக்குத் திரும்பி வரும். சுற்றுவழி என்றாலும் பணம் நம்முடையது.

அதனால் அடுத்த தடவை பில் வந்ததும் அரை நிமிஷம் இதைப் பாருங்க:

• வரி போட்டிருந்தால் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கணும். தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். எண் இல்லாமல் வரி வாங்கக் கூடாது.

• ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடையின் பெயர், ரெகுலரா காம்போசிஷனா, ரிட்டர்ன் போடுகிறார்களா எல்லாம் தெரியும். லாகின் தேவையில்லை.

• காம்போசிஷன் கடை என்றால் உங்களிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அவர்கள் தங்கள் கையிலிருந்துதான் கட்டணும்.

• சாதாரண ஹோட்டலில் 2.5% + 2.5% தான். 18% என்றால் அது பெரிய தங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டாக இருக்கணும், இல்லையென்றால் கேளுங்க.

• சர்வீஸ் சார்ஜ் என்பது வரி இல்லை. கட்டாயமும் இல்லை.

• துண்டுச் சீட்டு கொடுத்தால், "அண்ணே, பில் போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்க. சண்டை வேண்டாம், அந்த ஒரு வாக்கியம் போதும்.

நாலு இட்லிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று தோன்றலாம். சம்பளத்தில் டிடிஎஸ் போனால் ஃபார்ம் 26ஏஎஸ்-ல் வந்திருக்கா என்று தேடுகிறோம். ஹோட்டலில் கொடுக்கிற 5 ரூபாய்க்கு அப்படி ஒரு படிவம் கிடையாது. நம்ம கையில் இருக்கிற பில் ஒன்றுதான் அத்தாட்சி.

உங்க ஊர் ஹோட்டல் பில்லில் ஏதாவது புரியவில்லை என்றால் கமெண்டில் கேளுங்க. கடை பெயரை மட்டும் மறைச்சிடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.